யாரும் அழுத்தாத பதில்

புத்தகம் எழுதுகிறவர்கள் இருக்கும் இடத்தில் நான் வந்து உட்காருவதற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பத்தாம் வகுப்புக்கு மேல் நான் படிக்கவில்லை. நாலு பேர் இருக்கும் அறையில் என் குரல் எழும்பாது. கடைக்குப் போனால்கூட முன்னால் நிற்பவர்கள் எல்லோரும் போன பிறகுதான் எனக்கு என்ன வேண்டும் என்று சொல்வேன். எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்க்கப்போவதில்லை என்ற துணிவில் எழுதுகிறேன். கணினிக்கு முன்னால் உட்காரும் ஒவ்வொரு முறையும் இந்த விஷயம் என் கதிரைக்குப் பின்னால் வந்து நிற்கிறது. எழுதினால் போகுமோ தெரியாது.

மன்னார்க் கரையில் ஒரு பங்குக் கோயிலின் கந்தோரில் வேலை செய்கிறேன். ஞானஸ்நானச் சான்றிதழ் எழுதுவது, யாருக்காகப் பூசை என்ற பூசைக் கருத்துகளைப் பதிவது, தொலைபேசி எடுப்பது, இவைதான் வேலை. நவம்பர் நெருங்கினால் வேலை கூடும். மரித்த விசுவாசிகளின் திருநாளுக்கு ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு துண்டு வரும். அதில் அந்த வீட்டில் இறந்தவர்களின் பெயர்கள் இருக்கும். இரண்டாம் திகதி பின்னேரம் சேமக்காலையில், கல்லறைகளுக்கு நடுவே நின்று, பாதர் அவற்றை ஒவ்வொன்றாக வாசிப்பார். பெயர் வரும்போது அந்த வீட்டார் மெழுகுதிரியைச் சற்று உயர்த்திப் பிடிப்பார்கள்.

எங்கள் பங்கில் அந்தத் துண்டுக்கு இரண்டு பக்கம் உண்டு. போர் முடிந்த பிறகு இங்கே இருந்த ஒரு பாதர் செய்த ஏற்பாடு அது. ஒரு பக்கம் மரித்தவர்களுக்கு. மறுபக்கம் உயிரோடு இருப்பவர்களுக்கு. காணாமல் போனவரை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்பதை அந்தந்த வீடே தீர்மானிக்கட்டும், கந்தோரில் யாரும் கேட்கக் கூடாது என்று அவர் சொல்லியிருந்தார். உயிரோடு இருப்பவர்களின் பெயர்களைச் சேமக்காலையில் வாசிப்பதில்லை. நாலாம் திகதி காலைப் பூசையில், கோயிலுக்குள் வாசிப்பார்கள்.

இரண்டு பட்டியலையும் பிரித்துத் தரும் நிரலை எழுதியது நான்தான். சி மொழியில் எழுதினேன். தமிழ்நாட்டில் அகதி முகாமில் இருந்த காலத்தில், பக்கத்து ஊரில் ஒரு தொண்டு நிறுவனம் இலவசமாகக் கணினி வகுப்பு நடத்தியது. அங்கே கடைசி வாங்கில் உட்கார்ந்து ஆறு மாதம் படித்தேன். கேள்வி கேட்கப் பயம் என்பதால் சொன்னதை எல்லாம் அப்படியே கொப்பியில் எழுதி வைத்தேன். எண் ஒன்றை விசைப்பலகையில் இருந்து வாங்கினால், அதற்கு அடுத்த வரியில் உள்ளீட்டைக் கழுவிவிடும் கட்டளையைப் போட வேண்டும் என்பதும் அந்தக் கொப்பியில் இருந்தது. ஏன் என்று சொல்லித் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

என் நிரல் மூன்று கேள்வி கேட்கும். பெயர் என்ன. அன்பியம் எத்தனையாவது, அன்பியம் என்றால் பங்கில் பத்திருபது வீடுகள் சேர்ந்த குழு, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. மூன்றாவது, உயிரோடு இருப்பவரா, மரித்தவரா. உயிரோடு என்றால் 1, மரித்தவர் என்றால் 2. அந்தக் கறுப்புத் திரைக்குத் தமிழ் வராததால் எல்லாவற்றையும் ஆங்கில எழுத்தில் அடிப்பேன்.

தொடக்கத்தில் உயிரோடிருப்போர் பட்டியல் இரண்டு தாள் வரும். பிறகு ஒரு தாள். பிறகு அரைத் தாள். போன வருடம் 1 அழுத்திய பெயருக்கு இந்த வருடம் 2 அழுத்துவேன். துண்டைக் கொண்டுவருகிறவர்கள் என் முகத்தைப் பார்க்காமல் மேசையில் வைத்துவிட்டுப் போவார்கள். நானும் பார்க்கமாட்டேன். என் அண்ணனும் அப்படித்தான் பக்கம் மாறினார். எங்களுக்கு முன்பே முகாமை விட்டுப் படகில் இங்கே திரும்பி, பிறகு வன்னிப் பக்கம் போனவர். தகவல் இல்லை. இது நடப்பதற்கு நாலு வருடம் முன்னர் வீட்டில் எல்லோரும் கூடிப் பேசித் துண்டை எழுதினோம். 2 அழுத்தியது நான்.

கடைசியில் உயிரோடிருப்போர் பட்டியலில் ஒரே ஒரு பெயர் மிஞ்சியது. கோயிலுக்குப் பின் ஒழுங்கையில் இருக்கும் ஒரு அம்மாவின் மகன். அந்த அம்மாவுக்கு எழுபது வயது இருக்கும். ஒரு மகள் ஓலைத்தொடுவாய் என்ற ஊரில் கலியாணம் செய்து இருக்கிறார். அம்மா அங்கே போய் இருக்கமாட்டார். மகன் வந்தால் இந்த வீட்டுக்குத்தானே வருவான் என்பார்.

அந்த வருடம் கந்தோர்க் கணினி பழுதாகத் தொடங்கியிருந்தது. கடல் காற்றில் உள்ளே எல்லாம் துருப்பிடித்துவிட்டது. பத்து நிமிடம் ஓடினால் தானாகவே நின்றுவிடும். வெளிநாட்டில் இருக்கும் பங்கு ஆள் ஒருவர் தான் பாவித்த மடிக்கணினி ஒன்றை அனுப்பிவைத்தார். பழையதில் விண்டோஸ் இருந்தது. இதில் லினக்ஸ். என் நிரலைக் கொண்டுவந்து, இந்தக் கணினிக்குப் புரியும் வடிவுக்கு மாற்றித் தொகுத்தேன். ஒரு பிழைச் செய்தியும் வரவில்லை. சோதனைக்கு என் பாட்டன், பூட்டன், மாமா என்று ஐந்தாறு பெயர் அடித்துப் பார்த்தேன். எல்லோரும் மரித்தவர்கள். எல்லோரும் மரித்தவர் பட்டியலில் சரியாக வந்தார்கள். எனக்குச் சந்தோஷம். உயிரோடு இருக்கும் ஒருவரின் பெயரை நான் அடித்துப் பார்க்கவில்லை.

மரித்தவர் பட்டியலை மட்டும் எடுத்துப் பாதரிடம் கொடுத்துவிட்டு, இரண்டாம் திகதி பின்னேரம் சேமக்காலையில் நான் மதிலோரம் நின்றேன். மழைத் தூறலில் மெழுகுதிரிகள் அணைந்து அணைந்து எரிந்தன. பாதர் வாசித்துக்கொண்டு போனார். நடுவில் அந்த அம்மாவின் மகன் பெயர் கேட்டது. ஒரு மெழுகுதிரியும் உயரவில்லை. என் காதில்தான் பிழை என்று நினைத்தேன். அதே பெயரில் வேறு யாராவது இருக்கலாம் என்றும் நினைத்தேன். போய்க் கேட்டிருக்கலாம். போகவில்லை.

மறுநாள் பின்னேரம் அந்த அம்மா கந்தோருக்கு வந்தார். உபதேசியாரும் அங்கே இருந்தார். கோயில் மணி அடிப்பது, பீடம் ஆயத்தம் செய்வது, வருகிறவர்களோடு பகிடி விடுவது எல்லாம் அவர் வேலை. அம்மா குடையை மடித்து, கதிரையின் நுனியில் இருந்தார். அழுதுகொண்டு வரவில்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

“பிள்ளை, உங்களுக்கு ஆர் சொன்னது?”

“என்னத்தை அம்மா?”

“மறைக்காதேங்கோ. கொழும்பில இருந்து கடிதம் வந்ததோ? எங்க எடுத்தவங்களாம்? உடுப்பு ஏதும் இருந்ததோ?”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவர் சண்டை பிடிக்க வரவில்லை. தன் மகனைப் பற்றி எங்களுக்கு ஏதோ செய்தி வந்திருக்கிறது, அதைத் தன்னிடம் சொல்லத் துணிவில்லாமல் பட்டியலில் போட்டுவிட்டோம் என்று நம்பி வந்திருந்தார். விவரம் கேட்க வந்திருந்தார்.

“அப்பிடி ஒண்டும் இல்லை அம்மா,” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

“பாதர் தன்ர பாட்டுக்கு வாசிக்கேல்லை,” என்றார் உபதேசியார். “பிள்ளை அடிச்சுக் குடுத்ததைத்தான் வாசிச்சவர்.”

“அப்ப பிள்ளைக்குத்தான் தெரியும்.”

துண்டுகள் கட்டிவைத்திருந்த பெட்டியைத் திறந்து தேடினேன். அவருடைய துண்டு கிடைத்தது. உயிரோடிருப்போர் பக்கத்தில் மகனின் பெயர். மறுபக்கத்தில் கணவரின் பெயர். பிழை அவரிடம் இல்லை. அப்படியென்றால் என் விரலில் இருக்க வேண்டும். அவர் பார்த்துக்கொண்டிருக்க மடிக்கணினியைத் திறந்து மறுபடி அடித்தேன். பெயர். அன்பியம் எண். 1. மூன்றையும் வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி அடித்தேன். திரையிலும் 1 என்றே தெரிந்தது. பட்டியலை எடுத்தேன். மரித்தவர்களோடு இருந்தது அந்தப் பெயர்.

இன்னொரு முறை. அதே இடம். மூன்றாம் முறையும் அதுதான்.

“நான் ஒண்டுதான் அம்மா அமத்தினனான்.”

“ஓம். நான் பார்த்தனான்.” அவர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “நீங்கள் ஒண்டு எண்டு சொல்லுறீங்கள். அது இல்லை எண்டுது.”

“அது அம்மா, அரிசி அரைக்கிற மெசின் மாதிரி,” என்றார் உபதேசியார். “போட்டதைத்தான் தரும். சாமி வந்து ஆடாது.”

“பழையதில போடுங்கோ பாப்பம்.”

பழைய கணினியைத் தட்டி எழுப்பினேன். நின்றுபோகும் முன் முடிக்க வேண்டும் என்று அவசரமாக அடித்தேன். அதே நிரல், அதே பெயர், அதே 1. உயிரோடிருப்போர் பட்டியலில் வந்தது. பிழை என் விரலில் இல்லை என்று எனக்கு மூச்சு வந்தது. அந்த அம்மாவின் முகம் மாறியதை அதற்குப் பிறகுதான் கவனித்தேன்.

“பழையதுக்குத் தெரியாது. புதுசுக்குத் தெரிஞ்சிருக்கு,” என்றார். “இது எங்கயிருந்து வந்தது பிள்ளை?”

“வெளிநாட்டில இருந்து.”

“அதுதான். அங்க எல்லாரிட்டயும் விவரம் இருக்குமாம்.”

உபதேசியார் கிட்ட வந்து மேசையில் கையை ஊன்றிக் குனிந்தார். மடிக்கணினியை மூடிவிட்டு ஓடிவிடலாம் போல இருந்தது. ஆனால் மூடினால் அவர் அதைச் செய்தியாகவே வீட்டுக்கு எடுத்துப் போவார். உயிரோடிருப்போர் பட்டியல் வாசிக்க ஒரு இரவுதான் இருந்தது.

நிரலைத் திறந்தேன். மூன்றாவது கேள்விக்கு என்ன பதில் வந்து சேர்கிறது என்று உடனே காட்டும்படி ஒரு வரி சேர்த்தேன். கணினிக்குள் ஒவ்வொரு விசைக்கும் ஓர் எண் உண்டு. 1 என்ற விசை வந்தால் 49 என்று காட்டும். தொகுத்து ஓட்டினேன். பெயரை அடித்தேன். அன்பியம் எண்ணை அடித்து என்டரைத் தட்டிவிட்டு, இரண்டு கையையும் மடியில் வைத்தேன்.

உயிரோடு இருப்பவரா, மரித்தவரா என்ற கேள்வி வந்தது. அதற்குக் கீழே 10 என்று விழுந்தது.

நான் ஒன்றையும் தொடவில்லை.

“இப்ப நீ ஒண்டையும் தொடேல்லையே?” அந்த அம்மா என்னை நீ என்றது அதுதான் முதல் தடவை.

“இல்லை.”

“அப்ப ஆர் அமத்தினது?”

மேசையில் ஊன்றியிருந்த கையை உபதேசியார் எடுத்துக்கொண்டார். நெற்றியில் சிலுவை போட்டாரா தலையைச் சொறிந்தாரா என்று தெரியவில்லை. வெளியே கூரைப் பீலியில் மழைத் தண்ணீர் கொட்டியது. பத்து என்பது எந்த விசையின் எண் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அது நினைவுக்கு வருவதற்குச் சில நொடிகள் எடுத்தன. அந்த நொடிகளில் நானும் அந்த அம்மாவைப் போலவே, யார் என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பத்து என்டருக்கு உரிய எண். அன்பியம் எண்ணை அடித்தபின் நான் தட்டிய என்டர். நிரல் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டது. என்டர் உள்ளேயே தங்கிவிட்டது. அடுத்த கேள்வி வந்ததும் அதுவே பதிலாகப் போய் நின்றது. கொப்பியில் இருந்த அந்தக் கழுவும் கட்டளை பழைய கணினியில் மிச்சத்தை வெளியே ஊற்றியது. லினக்ஸில் அது விசைப்பலகைப் பக்கம் திரும்பியும் பார்ப்பதில்லை. குற்றம் லினக்ஸில் இல்லை. வெளியே போகும் எழுத்துக்கு மட்டும் உரிய கட்டளை அது. உள்ளே வருவதற்குப் போட்டால் என்ன நடக்கும் என்று மொழியின் விதி ஒன்றும் சொல்லவில்லை. இவ்வளவு காலமும் பிழையான நிரல் ஒன்று பழைய கணினியின் தயவில் சரியாக ஓடியிருக்கிறது.

அது திரையிலும் தெரியாமல் போனதற்குக் காரணம் நானேதான். பதிலில் முதல் எழுத்தை வைத்துக்கொண்டு, வரி முடியும் வரை மீதியை எறிந்துவிடும்படி எழுதியிருந்தேன். முதல் எழுத்தாக என்டர் முந்திக்கொண்டது. நான் உண்மையில் அழுத்திய 1 மீதியாகி எறியப்பட்டது. பிறகு நிரல் அடுத்த பெயரை ஒழுங்காகக் கேட்டது. எப்படிச் சந்தேகம் வரும்.

இதையெல்லாம் அந்த அம்மாவுக்குச் சொன்னேன். வாழ்க்கையில் ஒரே மூச்சில் அவ்வளவு நேரம் நான் பேசியதில்லை. அவர் கேட்டு முடித்தார்.

“எனக்கு உந்தக் கதை விளங்காது. என்ர பேரைப் போடு.”

“அம்மா...”

“போடு. ஒண்டை நானே அமத்துறன்.”

கழுவும் கட்டளையோடு இருந்த அதே நிரலை ஓட்டி, அவர் பெயரையும் அன்பிய எண்ணையும் அடித்தேன். அவர் எழுந்து வந்து சுட்டுவிரலால் 1 விசையை, கதவுமணி அழுத்துவது போல, அழுத்தினார். என்டரையும் காட்டினேன். அழுத்தினார். பட்டியல் வந்தது. உபதேசியார் குனிந்து வாசித்தார்.

“மரித்தவர்கள்...” என்று தொடங்கி, அம்மாவின் பெயரைச் சொல்லாமல் நிறுத்திவிட்டார்.

“சொல்லுங்கோ, நான் செத்திட்டனோ?”

“மெசின் அப்பிடித்தான் சொல்லுது.”

அந்த அம்மா சிரித்தார். “உபதேசியாரையும் போடு.”

“எனக்கு வேண்டாம் தாயே. நாளைக்கு விடிய மணி அடிக்க இருக்கு.”

“பயந்தாங்கொள்ளி. போடு பிள்ளை.”

போட்டேன். அவரும் மரித்தார். “வீட்டில சொல்லிவிடுங்கோ, இரவைக்கு எனக்குப் புட்டு அவிக்கத் தேவையில்லை எண்டு,” என்றார். பிறகு என் பெயரையும் போட்டேன். மூன்று பேரும் ஒன்றன்கீழ் ஒன்றாக மரித்தவர் பட்டியலில் இருந்தோம். எங்களுக்கு மேலே அந்த மகனின் பெயர். சிரிப்பு நின்றது. பட்டியலில் என் பெயரைப் பார்த்தபோது அது பொய் என்று தெரிந்தும் இன்னொரு முறை வாசித்தேன்.

“அப்ப என்ர பிள்ளையும் எங்களைப் போலத்தான்,” என்றார் அவர்.

அதை நான் திருத்தியிருக்க வேண்டும். இந்தக் கணினிக்கு யாரைப் பற்றியும் ஒன்றும் தெரியாது என்பதை மட்டும்தான் இது காட்டுகிறது அம்மா, மகனைப் பற்றி ஒன்றும் காட்டவில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். என் குரல் எழும்பவில்லை.

கழுவும் கட்டளையை அழித்தேன். எண்ணை வாங்கியவுடன், வரி முடியும் வரை உள்ளே இருப்பதை எல்லாம் நிரலே எடுத்து எறியும்படி எழுதினேன். இந்த வழி இரண்டு கணினிக்கும் பொது. புதியதில் ஓட்டினேன். பழையதிலும் தொகுத்து ஓட்டினேன். இரண்டிலும் மகன் உயிரோடிருப்போர் பட்டியலில் வந்தார். அம்மா இரண்டு திரையையும் மாறி மாறிப் பார்த்து, ஓம் என்று தலையாட்டினார்.

பிறகு இன்னொரு வரியில் என் கண் நின்றது. பதில் 1 என்றால் உயிரோடு; இல்லாவிட்டால் மரித்தவர். என்டர் முந்தியது உண்மை. ஆனால் அந்த என்டர் மரித்தவர் என்று சொல்லவில்லை. அது ஒன்றுமே சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாவிட்டால் மரித்தவர் என்று எடுத்துக்கொள் என எழுதியது நான். நவம்பரில் வருகிறவர்கள் பெரும்பாலும் மரித்தவர்கள்தானே என்று, வேலை சுலபமாகட்டும் என்று, எப்போதோ ஒரு நாள் யோசிக்காமல் எழுதியிருக்கிறேன். அதை மாற்றத் தொடங்கினேன். 1 அல்லது 2 வரும்வரை கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கட்டும்.

“அதுதான் சரி வந்திட்டுதே. இப்ப என்ன செய்யிறாய்?” என்று கேட்டார் அம்மா.

பொய் சொல்லத் தெரியாமல், இருந்ததைச் சொன்னேன்.

“ஒண்டு எண்டு சொல்லாட்டிச் செத்தவன். ஆர் எழுதினது?”

“நான்தான்.”

குடையை எடுத்துக்கொண்டார். வாசலில் நின்று திரும்பினார். “உன்ர அண்ணனும் இப்பிடித்தான் போனவனோ?”

“இல்லை அம்மா. அது நாலு வருசத்துக்கு முந்திப் பழையதில அடிச்சது. அதில பிழை இல்லை. நான் அமத்தினதைத்தான் எடுத்தது.”

“ம்,” என்றார். கோபமா இரக்கமா என்று அந்த ஒலியில் இருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. இன்றுவரை முடியவில்லை. படியில் பார்த்து இறங்கும்படி உபதேசியார் சொல்லிக்கொண்டே அவரோடு வெளியே போனார்.

நான் தனியே இருந்தேன். திருத்திய நிரலை ஓட்டினேன். அண்ணனின் பெயரை அடித்தேன். எங்கள் அன்பியத்தின் எண்ணை அடித்து என்டரைத் தட்டினேன். மூன்றாவது கேள்வி வந்தது. இப்போது உள்ளே மிச்சம் ஒன்றும் இல்லை. கோடு மின்னி மின்னிக் காத்துக்கொண்டிருந்தது. வெறும் என்டரைத் தட்டினேன். அதே கேள்வியை மறுபடி கேட்டது. இன்னொரு முறை தட்டினேன். மறுபடி கேட்டது. எத்தனை முறை தட்டினேன் என்று தெரியாது. திரை முழுக்க அந்தக் கேள்வியே நிறைந்து மேலே ஓடியது. கடைசியில் இரண்டு விசையைச் சேர்த்து அழுத்தி நிரலை இடையில் நிறுத்தினேன்.

அடுத்த நாள் காலைப் பூசையில் பாதர் முதலில் திருத்தத்தை அறிவித்தார். பிறகு உயிரோடிருப்போர் பட்டியலை வாசித்தார். ஒரு பெயர். அந்த அம்மா மூன்றாவது வாங்கில் இருந்தார். பூசை முடிந்து நான் கந்தோரைத் திறந்து, ஞானஸ்நானச் சான்றிதழ் இரண்டு எழுதினேன்.